விசிலுக்கு வந்த பதில்

எல்லோரும் அவளைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. இடுப்பு வலி வந்து, ஓடுகிற வண்டியில் நிற்க முடியாமல் போனதும் அவள் இறங்கிவிட்டாள், பெயர் இறங்கவில்லை. நாலு பேர் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு பாருங்க" என்று இன்றைக்கும் அவள் வாய் தானாகச் சொல்லும். அவர்களும் என்ன ஏது என்று கேட்காமல் நகர்ந்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு அவள் பிடித்துக்கொண்ட வேலை கொஞ்சம் விநோதமானது. தனியாக வாழ்ந்து இறந்துபோனவர்களின் வீட்டைக் காலி செய்து கொடுப்பாள். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள், அல்லது உள்ளூரிலேயே இருந்தும் அப்பாவின் சட்டையைத் தொட மனம் வராமல் இருப்பார்கள். அவர்களுக்காக இவள் போய் அலமாரியைத் திறப்பாள், பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றுவாள், துணிகளைப் பிரித்து அடுக்குவாள். யாரும் இல்லாத வீடு என்று தெரிந்தும், நுழைவதற்கு முன் கதவைத் தட்டி, "வரலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வாள். கேலி செய்தால், "நம்ம வீட்டுக்குள்ள ஒருத்தன் சொல்லாம கொள்ளாம நுழைஞ்சா நமக்குக் கோவம் வராதா?" என்பாள்.

சின்ன வேனை ஓட்டுவது அவளுடைய கொழுந்தன். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் மூக்கொழுகிக்கொண்டிருந்த பையன். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். தம்பியை இவள்தான் ஆளாக்கினாள். இப்போது அவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, தொப்பை வந்திருந்தது, பயம் மட்டும் அந்தப் பையனுடையதாகவே இருந்தது. கனமான பீரோவை ஒற்றை ஆளாகத் தூக்குவான். ஆனால் செத்தவர் படுத்திருந்த கட்டிலைத் தொடச் சொன்னால், "அண்ணி, வண்டியை யாராவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்க, நான் கீழ நிக்கறேன்" என்று நழுவுவான்.

கண்டக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை மும்முரத்தில் அவள் உதடு குவிந்து விசில் வந்துவிடும். பாட்டு ஒன்றும் இல்லை. ஒரு நீளம், பிறகு இரண்டு குட்டை. அவ்வளவுதான். காலமெல்லாம் வாயில் விசிலை வைத்து வண்டியை நிறுத்தியும் கிளப்பியும் வந்தவளுக்கு அது மூச்சுவிடுகிற மாதிரி. தான் விசிலடிப்பதே அவளுக்குத் தெரியாது.

அந்த வீடு ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே தனியாக இருந்தார். வீட்டுக்குள் விழுந்து கிடந்தவரை மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, கண் திறக்காமலே போய்விட்டார். வெளிநாட்டிலிருந்து மகள் வந்து காரியத்தை முடித்துவிட்டு, வீட்டுக்குள் கால் வைக்க முடியாமல் அழுதபடி திரும்பிப் போய்விட்டாள். போனில்தான் பேசினாள். "எல்லாத்தையும் எடுத்துடுங்கக்கா. ஒரு நாய் இருக்கு. கீழ் வீட்டு அம்மா சோறு வைக்கிறாங்க. யாராவது நல்லவங்க கேட்டா குடுத்துடுங்க."

நல்ல உச்சி வெயில் நேரம். ஜன்னல் வழியாக வெளிச்சம் தரையில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. கண்டக்டர் சமையலறையில் தட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் கூடத்தில் வரைபடச் சுருள்களைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் வழக்கம்போல விசிலடித்தாள். ஒரு நீளம், இரண்டு குட்டை.

படுக்கையறையிலிருந்து பதில் வந்தது.

கீ... கீ... கீ...

கம்பளிக்கு அடியில் மாட்டிக்கொண்ட கோழிக்குஞ்சு போல மெல்லிய சத்தம். கண்டக்டர் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். கூடத்தில் காகிதம் சரசரப்பதும் நின்றுவிட்டது.

"அண்ணி, நீங்களா?"

"இல்லடா."

படுக்கையறையில் ஒருவரும் இல்லை. கட்டில், மூலையில் முக்காலி, சுவரில் நிறம் மங்கிய ஒரு வரைபடம். குனிந்து பார்த்தபோது கட்டிலுக்கு அடியில் இரண்டு கண்கள் மின்னின. நாய். ஒரு கையில் அள்ளிவிடலாம் போன்ற சின்ன உருவம், சாம்பல் நிறத்தில் சடைமுடி. உஸ் உஸ் என்று கூப்பிட்டாள், வரவில்லை. "டேய், அந்த டார்ச்சை எடுத்துட்டு வாடா" என்று கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் அசைவதற்குள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது.

"பாத்தியா, இது பேரே டேய்தான் போல இருக்கு."

"அப்ப என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?" என்றான் கொழுந்தன். ஆனால் சிரிக்கவில்லை. "அது குரைச்ச சத்தம் இல்லண்ணி."

அவளுக்கும் அது தெரியும். வேண்டுமென்றே ஒரு தடவை விசிலடித்துப் பார்த்தாள். கீ கீ கீ. இந்த முறை சத்தம் மிகப் பக்கத்தில், தரையிலிருந்து எழுந்தது போல இருந்தது. நாய் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அலாரம் கடிகாரமாக இருக்குமோ என்று சுவரிலும் மேஜையிலும் இருந்ததையெல்லாம் இறக்கிப் பேட்டரிகளைக் கழற்றினாள். பழைய ரேடியோவைக் கவிழ்த்தாள். கொழுந்தன் தன் போனையே அணைத்துவிட்டான். பிறகு கூடத்துக்கு வந்து விசிலடித்தாள். பதில் கூடத்துக்கே வந்துவிட்டது. தாழ்வாரத்துக்குப் போனாள். அங்கேயும் வந்தது. அவள் எங்கே போனாலும் அது ஓரடி பின்னால் தொடர்ந்து வந்தது. நாயும்தான் தொடர்ந்து வந்தது. ஆனால் காலைச் சுற்றி ஓடி வருகிற ஒரு சின்ன நாயை யார் சந்தேகப்படுவார்கள்?

"நான் வண்டிய பாத்துக்கறேன்" என்று கொழுந்தன் படியிறங்கிவிட்டான்.

கண்டக்டருக்குப் பயம் வரவில்லை என்று சொல்ல முடியாது.  சுவரைப் பார்த்து, "ஐயா, நாங்க ஒண்ணும் திருட வரல. உங்க பொண்ணு சொல்லித்தான் வந்திருக்கோம்" என்றாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, விசில் வராமல் பார்த்துக்கொண்டு, கையில் கிடைத்ததைக் கட்டினாள். வெயில் சாய்வதற்குள் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். மீதியை இன்னொரு நாள் வந்து பார்த்துக்கொள்ளலாம். நாயை என்ன செய்வது? வாங்கிக்கொள்ள ஆளில்லை. துண்டில் சுற்றி வேனில் ஏற்றினாள்.

"செத்தவங்க வீட்டுச் சாமான் ஒரு ஊசி கூட நம்ம வீட்டுக்கு வரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"நாய் சாமானாடா? ஓட்டு."

அன்று சாயங்காலம் அவள் தன் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொந்த வீடு, சொந்தக் குழாய், தினமும் பார்க்கிற எண்ணெய்க் கறை படிந்த சுவர். மனசு லேசானது. உதடு குவிந்தது.

கீ... கீ... கீ...

அவளுக்குப் பின்னால். அவள் வீட்டுக்குள்.

குழாயை மூடினாள். திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை. கூடத்திலிருந்து கொழுந்தனின் குரல் கம்மிக்கொண்டு வந்தது. "அண்ணி... கூடவே வந்துடுச்சு."

அந்த வீட்டில் அன்று விளக்கை யாரும் அணைக்கவில்லை.  நாய் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் சுருண்டு படுத்திருந்தது. அவ்வப்போது எதையோ விழுங்குவது போலத் தொண்டையை அசைத்தது.

விடிந்து பார்த்தால் அதன் நிலைமையே சரியில்லை. வைத்த பாலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாயோரம் எச்சில் நூல் நூலாக வடிந்தது. முதுகு வில்லாக வளைந்திருந்தது. நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவித்தது. கண்டக்டர் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வயிற்றைத் தொட்டதும் முனகியது. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று தடவிக்கொடுத்தாள். குழந்தையைச் சமாதானப்படுத்துவது போல, தன்னை அறியாமல், மிக மெல்லியதாக விசிலடித்தாள்.

அவளுடைய உள்ளங்கைக்கு அடியில் அது பதில் சொன்னது.

சத்தத்தைக் காது கேட்பதற்கு முன்னால் கை கேட்டது. தோலுக்குக் கீழே, சூடான வயிற்றுக்குள்ளே, கீ கீ கீ என்று ஏதோ துடித்தது. நாய் தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது.

கொழுந்தன் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தான். "அண்ணி, கீழ போடுங்க! அதுக்குள்ள இருக்கு! அந்தப் பெரியவர் அதுக்குள்ள இருக்கார்!"

வேறு யாராக இருந்தாலும் உதறியிருப்பார்கள். கண்டக்டரின் கையும் ஒரு கணம் விறைத்தது. ஆனால் மடியில் இருந்த உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, வலியில் நடுங்கியது. ஆவி என்றால் அதற்கு எதற்கு வலி? அந்த இடத்தில்தான் அவளுக்குப் புத்தி திரும்பியது.

"இறங்குடா கீழ. இது எதையோ முழுங்கியிருக்கு."

கூச்சல் கேட்டு எதிர் வீட்டுத் தையல்காரர் கழுத்தில் டேப்போடு ஓடி வந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு கைவைத்தியம் வைத்திருக்கிற மனிதர். "ஒரு டம்ளர் தண்ணியில உப்பை அள்ளிப் போட்டு வாயில ஊத்துங்க. மொத்தத்தையும் கக்கிடும். எங்க மச்சான் வீட்டு நாய்க்கு அப்படித்தான் பண்ணோம்."

"அந்த நாய் இப்ப எப்படி இருக்கு?" என்றான் கொழுந்தன்.

தையல்காரர் கழுத்து டேப்பைச் சரிசெய்துகொண்டார்.

கண்டக்டர் உப்பைக் கலக்கியேவிட்டாள். டம்ளரை நாயின் வாயருகே கொண்டுபோனவள், அது முகத்தைத் திருப்பியதும் நிறுத்திக்கொண்டு, கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு டாக்டரம்மா. கண்டக்டர் சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார். சிரிக்கவில்லை.

"உள்ள இருந்து சத்தம் வருதா? அப்ப அதுல பேட்டரி இருக்கும்மா. உப்புத் தண்ணி, எண்ணெய், எதையும் குடுக்காதீங்க. வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. பேட்டரி கசிஞ்சிருந்தா மேல வர்ற வழியெல்லாம் வெந்துபோயிடும். சோறும் வேண்டாம். வயித்தை அமுக்காம தூக்கிட்டு உடனே கிளம்பி வாங்க. என்ன பொருள்னு யாரையாவது கேட்டுத் தெரிஞ்சுக்க முடிஞ்சா கேளுங்க."

டம்ளரை அவள் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். தையல்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே வேன் வரைக்கும் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

போகிற வழியில் பெரியவரின் மகளுக்குப் போன் போட்டாள். அங்கே என்ன நேரமோ, தூங்கி எழுந்த குரல். "அம்மா, உங்கப்பா வீட்ல விசிலடிச்சா சத்தம் போடுற மாதிரி ஏதாவது இருந்துச்சா?"



"இருந்துச்சுக்கா. நான்தான் வாங்கி அனுப்பினேன். அப்பா சாவிய எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவார். அதைச் சாவிக்கொத்துல மாட்டிட்டா, விசிலடிச்சதும் கீ கீன்னு கத்தி எங்க இருக்குன்னு காட்டும். பெரிய பட்டன் அளவுதான் இருக்கும். அப்பாவுக்குத் தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் குரலே போயிடுச்சு. காத்து மாதிரிதான் பேசுவார். ஆனா விசில் மட்டும் நல்லா வரும். காட்டுல அளக்கப் போனப்ப ஆளுங்களைக் கூப்பிட்டுப் பழகினது." அதை நாய் முழுங்கியிருக்கிறது என்று கண்டக்டர் சொன்னதும் பதறிப்போய், "டேய்க்கு என்ன ஆச்சுக்கா?" என்றாள்.

மருத்துவமனை முன்னறையில் கூட்டம். கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு வேட்டை நாயை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அது உறுமவும், அதைச் சமாதானப்படுத்த நாக்கை மடித்து ஒரு விசில் விட்டார். கண்டக்டர் மடியிலிருந்து கீ கீ கீ என்றது. அறையில் இருந்த பூனை, கிளி, மனிதர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அடங்கிப்போனார்கள். வேட்டை நாய் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டது.

"ஐயா, தயவுபண்ணி இன்னொரு தடவை அடிக்காதீங்க" என்றான் கொழுந்தன், கையெடுத்துக் கும்பிட்டு.

எக்ஸ்ரேயில் விலா எலும்புகளுக்குக் கீழே வட்டமாக ஒன்று தெரிந்தது. நிலா வெளிச்சத்தில் கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி, வெள்ளை விளிம்புக்குள் இன்னொரு விளிம்பு. டாக்டரம்மா விரலால் காட்டினார். "இந்த ரெட்டை விளிம்பு இருக்கே, இதுதான் பேட்டரி. பிளாஸ்டிக் கூடு இருந்ததால இத்தனை நாள் தாங்கியிருக்கு. இப்ப கூடு விரிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறேன். குழாய் விட்டு எடுக்க முடியாது, சைஸ் பெரிசு. வயித்தைத் திறந்துதான் ஆகணும்."

"பிழைக்குமா?"

"சீக்கிரம் வந்திருக்கீங்க. பாக்கலாம்."

ஆபரேஷன் அறையின் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. கண்டக்டர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பெஞ்சிலேயே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் அந்தத் துடிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. கொழுந்தன் இரண்டு டீ வாங்கி வந்து இரண்டையும் ஆறவிட்டான்.

கடைசியில் டாக்டரம்மா ஒரு எஃகுத் தட்டோடு வந்தார். உள்ளே அந்தப் பொருள். கறுத்து, ஒரு பக்கம் விரிசல் விட்டு, அதிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. "வயித்துச் சுவர் ஒரு இடத்துல புண்ணாயிருக்கு, ஓட்டை விழல. தள்ளிப்போட்டிருந்தா விழுந்திருக்கும். இனிமே பாத்துக்கலாம்."

கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நேற்று வரை அந்த நாயைத் தொடாதவன்.

நாய் மருத்துவமனையில் தேறிக்கொண்டிருந்த சமயத்தில் கண்டக்டர் மீதி வேலையை முடிக்க அந்த வீட்டுக்குப் போனாள். படியில் கீழ் வீட்டு அம்மா பிடித்துக்கொண்டாள்.  நல்ல மனசு, நிற்காத பேச்சு. நாயைப் பற்றி விசாரித்துவிட்டு, "பாவம், வாயில்லா ஜீவன். அவர் மேல உயிரு அதுக்கு. அவர் விழுந்த அன்னிக்குக்கூட மத்தியானம் பூரா ரெண்டும் ஒரே விளையாட்டு" என்றாள்.

"என்ன விளையாட்டு?"

"மேல விசில் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா. இவர் நீளமா ஒண்ணு அடிப்பார், உடனே கீ கீன்னு ஒண்ணு பதில் சொல்லும். மறுபடி அடிப்பார், மறுபடி கீ கீ. பொம்மை ஏதோ வாங்கி நாய்க்கு வேடிக்கை காட்டறார்னு நினைச்சுக்கிட்டேன். எனக்கே சிரிப்பு வந்துச்சு. சாயங்காலம் போல ஓஞ்சுது. அப்புறம் அந்தக் கீ கீ மட்டும் ஒரு தடவை வந்த மாதிரி இருந்துச்சு." அந்த அம்மா முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். "அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்த மனுஷன், மறுநாள் பாத்தா அப்படிக் கிடக்கிறார்."

கண்டக்டர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். விசில் எதற்கு அடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? நீளமாக ஒன்று அடித்தால் நிறுத்து என்று அர்த்தம். யாராக இருந்தாலும், நின்று திரும்பிப் பார் என்று அர்த்தம்.

குரல் இல்லாத மனிதர் தரையில் கிடந்து கட்டிடம் முழுவதையும் கூப்பிட்டிருக்கிறார். பதில் சொன்னது சாவிக்கொத்து ஒன்றுதான்.

வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். எதிரே நின்ற அந்த அம்மாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? தினமும் மாடியேறிச் சோறு வைத்தவள். "ஆமாம்மா, சந்தோஷமாத்தான் இருந்திருப்பார்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். 

படுக்கையறையில் கட்டிலை நகர்த்தியபோது சுவரோரம் சாவிக்கொத்து கிடந்தது. அந்தக் கீ கீ பொருளை மாட்டியிருந்த தோல் வாரை நாய் கடித்து மென்று அறுத்திருந்தது. ஏன் அதை விழுங்கியது என்று டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டாள். குருவி மாதிரி கத்துகிற பொருளை எந்த நாயும் கவ்வத்தான் செய்யும் என்றார் அவர். இருக்கலாம். அவர் கூப்பிடக் கூப்பிட மனிதர்கள் யாரும் வராமல், இது மட்டும் கத்திக்கொண்டிருந்தது நாய்க்குப் பொறுக்கவில்லையோ என்னவோ. கொழுந்தனிடம் மட்டும் இதைச் சொன்னாள். அவன் வேனை ஓரமாக நிறுத்திவிட்டான்.

மகள் ஒரு நாள் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, அப்பா கடைசியில தனியா கிடந்து ரொம்ப..."

"தனியா இல்லம்மா" என்றாள் கண்டக்டர். "டேய் பக்கத்துலயே இருந்திருக்கு. நகரவே இல்ல." அதில் பொய் ஒன்றும் இல்லை.

நாய் பிழைத்தது. வயிற்றில் முடி முளைக்காத ஒரு கோடு மட்டும் நின்றுவிட்டது. மகள் கண்டக்டரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் எந்த வீட்டைக் காலி செய்யப் போனாலும், கண்டக்டர் முதலில் ரிமோட், கடிகாரம், பொம்மை என்று எல்லாவற்றிலும் இருக்கிற பேட்டரிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மூடுகிறாள். நாய் வேனில் கொழுந்தன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது. தெருவில் யாராவது "டேய்" என்றால் இரண்டு பேரும் திரும்புகிறார்கள்.

விசிலை அவள் விட்டுவிடப் பார்த்தாள். முடியவில்லை, அது அவளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லையே. துணி மடிக்கும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ, ஒரு நீளமும் இரண்டு குட்டையும் தானாக வந்துவிடும். அப்போது நாய் எங்கே படுத்திருந்தாலும் எழுந்துவிடும். குரைக்காது, ஓடி வராது. தலையை வளைத்துத் தன் வயிற்றைப் பார்க்கும். காதைத் தூக்கி வைத்துக்கொண்டு, வர வேண்டிய ஒன்று வரட்டும் என்பது போல அசையாமல் நிற்கும். எதுவும் வராது. கண்டக்டர் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து அதனிடம் போவாள்.